இடுப்பில் துப்பாக்கி, கையில் வழக்கு: அமெரிக்காவின் 'கேரி' உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் துப்பாக்கி விவாதம் என்றால் நம்மவர்கள் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூட்டையும் அதன்பின் டிவியில் நடக்கும் கூச்சலையும்தான் நினைப்பார்கள். கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாமா என்பது தனி விவகாரம். 'கேரி', அதாவது ஏந்திச் செல்லும் உரிமை என்பது அதுதான். அது தீர்மானமாவது கேமரா அதிகம் எட்டிப் பார்க்காத ஃபெடரல் நீதிமன்றங்களிலும் மாநிலச் சட்டமன்றக் கமிட்டி அறைகளிலும்தான். டெக்சாஸில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. நான் துப்பாக்கி உரிமையாளர்கள் பக்கம் சாய்ந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதற்கேற்றபடி தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

இது எப்போதிலிருந்து உரிமை?

எழுத்தில் 1791 முதல். ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம். ஆனால் அது தனிமனிதனுக்கான உரிமையா, மாநிலப் படைகளுக்கானதா என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்ல 2008 வரை ஆனது. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்கு நடைமுறையில் முழுத்தடை. அதை எதிர்த்த ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பு வந்தது. தலைநகர் எந்த மாநிலத்திலும் சேராது என்பதால் மாநிலங்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. 2010-ல் சிகாகோவை எதிர்த்த மெக்டொனால்ட் வழக்கு, பொருந்தும் என்றது. மறுபடியும் ஐந்துக்கு நான்கு.

இரண்டுமே வீட்டுக்குள் நடக்கும் கதை. வாசற்படிக்கு வெளியே என்ன என்பதற்கு விடை வர இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆனது. 2022 ஜூன் 23 அன்று, நியூயார்க் சட்டத்தை எதிர்த்த வழக்கில் வந்த ப்ரூயன் தீர்ப்பு, ஆறுக்கு மூன்று. கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதும் உரிமையே என்றது.

ப்ரூயனுக்கு முன்னால் லைசென்ஸ் கிடைக்காமலா இருந்தது?

மாநிலத்தைப் பொறுத்தது. பெரும்பாலான மாநிலங்கள் 'ஷால் இஷ்யூ' வகை: வயது, குற்றப் பின்னணி, பயிற்சி எல்லாம் சரியாக இருந்தால் அதிகாரி லைசென்ஸ் தந்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகிய ஆறும் 'மே இஷ்யூ' வகை: தரலாம், தராமலும் இருக்கலாம். ஊரில் கலெக்டரோ கமிஷனரோ பார்த்து மனம்வைத்தால்தான் துப்பாக்கி லைசென்ஸ் என்று நமக்குப் பழக்கமான முறைக்கு இது கிட்டத்தட்ட பக்கத்து வீடு.

நியூயார்க்கின் சல்லிவன் சட்டம் 1911-லிருந்து நடப்பில் இருந்தது. வெளியே மறைத்து எடுத்துச் செல்ல வேண்டுமானால் 'தகுந்த காரணம்' காட்ட வேண்டும். "எங்கள் பகுதியில் வழிப்பறி அதிகம்" என்பது தகுந்த காரணம் ஆகாது, ஏனென்றால் அது எல்லோருக்கும் உள்ள பயம். உங்களுக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். ப்ரூயன் வழக்கின் மனுதாரர்கள் இருவரிடமும் லைசென்ஸ் இருந்தது, ஆனால் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் மட்டும். ஒருவர் தன் தெருப்பக்கம் நடந்த திருட்டுகளைச் சொல்லிக் கட்டுப்பாட்டை நீக்கக் கேட்டார், கிடைக்கவில்லை. மற்றவருக்கு வேலைக்குப் போய்வரும் வழியில் வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. பணக்காரனுக்கும் செல்வாக்குள்ளவனுக்கும் காரணம் சுலபமாகத் தகுந்துவிடும், மற்றவனுக்குத் தகாது. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் பெரிய குற்றம் அதுதான்.

தீர்ப்புதான் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இத்தனை வழக்கு?

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். வழக்கு ஒரு சுவரை உடைக்கும். உடைந்த இடத்தில் என்ன கட்டுவது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் கையில். அதற்குப் பிடிக்காத தீர்ப்பு என்றால் பக்கத்திலேயே இன்னொரு சுவர் எழும்பும்.

ப்ரூயன் வந்து எட்டு நாள்தான். 2022 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் புதுச் சட்டம் கையெழுத்தானது. 'தகுந்த காரணம்' போய்விட்டது, சரி. அதற்குப் பதில் பதினாறு மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேரத் துப்பாக்கிப் பயிற்சி, நன்னடத்தைக்குச் சான்று சொல்ல நான்கு பேர், கடந்த மூன்று வருஷத்தில் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகளின் பட்டியல். இதையெல்லாம் தாண்டி லைசென்ஸ் வாங்கினால், எடுத்துச் செல்லக் கூடாத இடங்களின் பட்டியல் முழ நீளம்: பூங்கா, சுரங்க ரயில், தியேட்டர், மதுக்கடை, மிருகக்காட்சிசாலை, டைம்ஸ் சதுக்கம். தனியார் இடம் எதுவானாலும், துப்பாக்கி கொண்டுவரலாம் என்று உரிமையாளர் வெளிப்படையாகச் சொல்லாதவரை தடை. லைசென்ஸ் கையில் இருக்கும், அதை வைத்துக்கொண்டு நடக்கத் தெருதான் இருக்காது.

உடனே வழக்கு. ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பெரும்பாலும் பகுதிவாரியாக எண்ணிட்ட 'வட்டங்கள்'. நியூயார்க் அடங்கிய இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 டிசம்பரில் சமூக ஊடகப் பட்டியலையும், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடங்களுக்கான தடையையும் நிறுத்தியது. இடப் பட்டியலில் பெரும்பகுதியை அப்படியே விட்டது. உச்ச நீதிமன்றம் ஒருமுறை திருப்பியனுப்பி மறுபடி பார்க்கச் சொல்லியும் 2024 அக்டோபரில் ஏறக்குறைய அதே முடிவுதான். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மேற்கொண்டு எடுக்க மறுத்துவிட்டது.

ஹவாய் வழக்கு என்ன?

அதே 'உரிமையாளர் அனுமதி' விஷயம்தான், வேறு கடலோரம். பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு கேரி லைசென்ஸே தராத மாநிலம் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு கஞ்சத்தனம். ப்ரூயனுக்குப் பிறகு வேறு வழியில்லாமல் தரத் தொடங்கியது. ஆனால் 2023-ல் கொண்டுவந்த சட்டப்படி, பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, ஓட்டல் என எதற்குள்ளும் உரிமையாளரின் தெளிவான அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. மௌயி தீவுக்காரர்கள் மூவரும் ஓர் உள்ளூர் சங்கமும் வழக்குப் போட்டார்கள்.

நியூயார்க்கின் இதே விதியை இரண்டாம் வட்டம் நிறுத்தியிருக்க, ஹவாயின் விதி செல்லும் என்றது அந்த மாநிலம் அடங்கிய ஒன்பதாம் வட்டம். இப்படி இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எதிரெதிராக நிற்பதுதான் உச்ச நீதிமன்றக் கதவைத் திறக்கும் சாவி. 2025 அக்டோபரில் வழக்கு ஏற்கப்பட்டது, 2026 ஜனவரியில் வாதம் நடந்தது. ஒன்பதாம் வட்டம் முன்னுதாரணமாகக் காட்டிய பழைய சட்டங்களில் ஒன்று 1865-ல் லூசியானாவில் வந்தது. அடிமைத்தனம் முடிந்த கையோடு, விடுதலையான கறுப்பின மக்களை அடக்கிவைக்கப் போட்ட சட்டங்களின் தொகுப்பில் அதுவும் ஒன்று. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் முற்போக்கு மாநிலம் ஒன்று தன் பக்கம் நிற்க அதை அழைத்தது விசித்திரம்தான்.

பழைய சட்டத்தை எதற்கு முன்னுதாரணமாகக் காட்ட வேண்டும்?

ப்ரூயன் போட்ட விதி அது. 'இந்தத் தடையால் சமூகத்துக்கு நன்மையா தீமையா' என்று நீதிபதி எடைபோடக் கூடாது. நாடு உருவான காலத்திலிருந்து இப்படிப்பட்ட கட்டுப்பாடு வழக்கத்தில் இருந்ததா என்று பார்க்க வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. விளைவு, வக்கீல்களெல்லாம் பழஞ்சட்டம் தேடும் ஆராய்ச்சியாளர்களாகிவிட்டார்கள். 1700-களில் சந்தைக்கு ஆயுதம் கொண்டுபோகத் தடை இருந்ததா, அது ரயிலுக்குப் பொருந்துமா என்றெல்லாம் வாதம். கீழ் நீதிமன்றங்கள் குழம்பிப்போனதால் 2024 ஜூனில் ரஹீமி வழக்கில் உச்ச நீதிமன்றமே கொஞ்சம் தளர்த்தியது: அச்சு அசலாக அதே சட்டம் தேவையில்லை, அதே கோட்பாடு இருந்தால் போதும். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் எட்டுக்கு ஒன்று என நின்றது. எதிர்த்த அந்த ஒருவர், ப்ரூயன் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி தாமஸ்.

இந்த வரலாற்று முறை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. எனக்குப் பிடித்த முடிவைத் தருகிறது என்பதற்காக நல்ல முறை ஆகிவிடாது. ஒரே ஆவணக் கட்டைப் படித்துவிட்டு இரண்டு நீதிபதிகள் இரண்டு வரலாறு சொல்கிறார்கள்.

ஒரு வழக்கை எப்படிக் கட்டுகிறார்கள்? பாதிக்கப்பட்டவர் வக்கீலிடம் போவதுதானே?

இங்கே பெரும்பாலும் தலைகீழ். வக்கீல்தான் பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போவார்.

ஹெல்லர் வழக்குக்குப் பணம் போட்டவர் ராபர்ட் லெவி என்ற வழக்கறிஞர். அவரிடம் துப்பாக்கியே கிடையாது. ஆண், பெண், கறுப்பர், வெள்ளையர் எனக் கலந்து ஆறு மனுதாரர்களைப் பொறுக்கியெடுத்து 2003-ல் வழக்குத் தாக்கல் செய்தார்கள். மேல்முறையீட்டில் ஐந்து பேர் கழன்றுவிட்டார்கள். காரணம், அவர்கள் யாரும் விண்ணப்பம் போட்டு மறுக்கப்படவில்லை. டிக் ஹெல்லர் மட்டும் போட்டிருந்தார். அந்த ஒரு நிராகரிப்புக் காகிதம்தான் வழக்கைக் காப்பாற்றியது. வேலை நேரத்தில் அரசுக் கட்டடத்துக்குக் கைத்துப்பாக்கியோடு காவல் நிற்கும் அவர், வீட்டுக்குப் போனால் அதை வைத்திருக்கக் கூடாது. நீதிபதிக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா?

சிகாகோ வழக்கின் முகம் ஓட்டிஸ் மெக்டொனால்ட், எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர், வீடு பலமுறை கொள்ளை போனவர். இல்லினாய் மாநிலத்தின் கேரி தடைக்கு எதிரான வழக்குகளில் ஒன்றின் மனுதாரர் ஒரு தேவாலயத்தின் பொருளாளர், வயதான பெண்மணி. 2009-ல் தேவாலயத்துக்குள்ளேயே ஒருவன் அவரை அடித்து நொறுக்கியிருந்தான். கையில் சுத்தமான குற்றப் பதிவேடும் மனத்தில் நியாயமான பயமும் உள்ள ஆள் வேண்டும். தகராறு செய்து மாட்டிக்கொண்டவரின் வழக்கை எடுத்தால் கெட்ட முன்னுதாரணம்தான் மிஞ்சும்.

அப்புறம் எந்த ஊர் நீதிமன்றம் என்ற கணக்கு. டெக்சாஸ், லூசியானாவை உள்ளடக்கிய ஐந்தாம் வட்டத்தில் காற்று ஒரு பக்கம் அடிக்கும், கலிஃபோர்னியாவின் ஒன்பதாம் வட்டத்தில் மறுபக்கம். தோற்பது தெரிந்தே ஒன்பதாம் வட்டத்தில் போடும் வழக்கும் உண்டு. முரண்பட்ட தீர்ப்பு கிடைத்தால் மேலே போக வழி கிடைக்குமே.

எதிர்த்தரப்பும் சும்மா இருப்பதில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கியை நகரத்துக்குள் இருக்கும் பயிற்சி மையத்துக்கு மட்டுமே எடுத்துச் செல்லலாம், ஊருக்கு வெளியே உள்ள சொந்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நியூயார்க் நகரத்தில் ஒரு விதி இருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்ததும் நகரம் விதியையே மாற்றிவிட்டது. 2020-ல் 'இனிப் பேச ஒன்றுமில்லை' என்று வழக்கு முடிக்கப்பட்டது. அதேபோல 2017-ல், வெளியே ஏந்த 'நல்ல காரணம்' கேட்ட வாஷிங்டனின் விதி மேல்முறையீட்டில் அடிபட்டபோது, நகர நிர்வாகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போகாமலே தோல்வியை விழுங்கிக்கொண்டது. அங்கே போய்த் தோற்றால் நாடு முழுவதும் இந்த வகைச் சட்டங்கள் விழும் என்ற பயம். கெட்டிக்காரத்தனமான பின்வாங்கல். ஐந்து வருஷம் தள்ளிப்போட்டது.

இத்தனை வழக்குக்கும் பணம் எங்கிருந்து?

துப்பாக்கி உரிமைச் சங்கங்களுக்கு வரும் சந்தா, நன்கொடை. அதோடு முக்கியமான ஒன்று: சிவில் உரிமை வழக்கில் அரசை ஜெயித்தால் உங்கள் வக்கீல் கட்டணத்தை அரசே தர வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் இருக்கிறது. நகராட்சிகள் பலமுறை வழக்கு முற்றுமுன் பணிந்துபோவதற்கு இந்தப் பில் பயமே காரணம். ஆனால் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறு வழக்கில், இடைக்காலத் தடை மட்டும் வாங்கியவர் ஜெயித்தவர் ஆகமாட்டார் என்றது. தடை வந்ததும் அரசு சட்டத்தை மாற்றிவிட்டால் கட்டணம் போச்சு. துப்பாக்கிச் சங்கங்களுக்கு மட்டுமல்ல, அரசின்மேல் வழக்குப் போடும் எல்லோருக்கும் இது அடி.

சட்டமன்றப் பக்கம் என்ன நடந்தது?

உண்மையில் பெரிய வெற்றிகள் அங்கேதான், அதுவும் நீதிமன்றம் வாய் திறப்பதற்கு வெகு முன்பே. 1987-ல் ஃபுளோரிடா ஷால் இஷ்யூ சட்டம் போட்டது. பின்னணியில் உழைத்தவர் தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.வுக்காகச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் லாபியிஸ்ட் மேரியன் ஹேமர். அந்த மாதிரி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

டெக்சாஸின் கதை ஒரு சாப்பாட்டுக் கடையில் தொடங்குகிறது. 1991 அக்டோபரில் கிலீன் ஊரின் லூபிஸ் கஃபேடீரியாவுக்குள் ஒருவன் வண்டியை ஓட்டிவந்து மோதி, இறங்கி, 23 பேரைச் சுட்டுக் கொன்றான். பெற்றோருடன் மதியம் சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் தன் கைப்பையில் கையை விட்டார். துப்பாக்கி இல்லை. மறைத்து எடுத்துச் செல்வது அன்றைய சட்டப்படி குற்றம் என்பதால் காரிலேயே விட்டிருந்தார். அவர் ஜன்னல் வழியாகத் தப்பினார், அப்பாவும் அம்மாவும் பிழைக்கவில்லை. பிறகு கமிட்டி கமிட்டியாகப் போய்ச் சாட்சி சொன்னார். 1993-ல் இது பற்றி மக்கள் கருத்தறியும் மசோதாவை ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் தடுத்தார். 1995-ல் அடுத்த ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் லைசென்ஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறு வருஷம் ஹப்பே சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

சட்டம் எழுதுவதில் நுணுக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க எங்கள் ஊர்க் கடை வாசல்களைப் பார்த்தால் போதும். லைசென்ஸ்காரரைத் துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று கடைக்காரர் தடுக்க '30.06' போர்டு வைக்க வேண்டும், அது மாநிலக் குற்றச் சட்டத்தின் பிரிவு எண். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், சட்டத்தில் உள்ள வாசகம் அப்படியே, எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறம். துப்பாக்கிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட சின்ன ஸ்டிக்கர் இந்தப் பிரிவுக்குப் போதாது. வெளியே தெரியும்படி வைத்திருப்பவருக்கு '30.07' என்று தனிப் போர்டு. மது விற்பனையே பாதிக்குமேல் வருமானமாக உள்ள கடைகளில் பெரிய சிவப்பு '51%' போர்டு. அங்கே ஏந்திப் போவது கடும் குற்றம். ஹவாயில் கடைக்காரர் வாய்திறந்து 'வா' என்றால்தான் நுழையலாம், இங்கே சுவர் கொள்ளாத போர்டு மாட்டினால்தான் நுழையக் கூடாது. இரண்டும் கடைக்காரரின் உரிமை பற்றிய சட்டங்கள்தான். சும்மா இருப்பவருக்கு என்ன அர்த்தம் கற்பிப்பது என்பதில்தான் மொத்த அரசியலும்.

கட்டணமும் அப்படித்தான். டெக்சாஸ் 2017-ல் லைசென்ஸ் கட்டணத்தை 140 டாலரிலிருந்து 40 ஆகக் குறைத்தது. வழக்கே இல்லாமல், ஒரு மசோதாவில்.

லைசென்ஸே வேண்டாம் என்ற சட்டம்?

'பெர்மிட்லெஸ் கேரி'. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர் லைசென்ஸ் இல்லாமலே ஏந்தலாம். வெர்மான்ட்டில் என்றுமே லைசென்ஸ் முறை இருந்ததில்லை, 1903-ல் ஒரு நகரம் கொண்டுவந்ததை அந்த மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா, 2021 செப்டம்பரில் டெக்சாஸ், 2023 ஜூலையில் ஃபுளோரிடா, 2024-ல் தென் கரோலைனாவும் லூசியானாவும் என 29 மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. டெக்சாஸில் பல போலீஸ் அதிகாரிகளும் பயிற்றுநர்களும் இதை எதிர்த்தார்கள். பயிற்றுநர்களுக்குப் பிழைப்பு போகுமே என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ஹோல்ஸ்டரிலிருந்து ஒருமுறைகூட எடுத்துப் பழகாதவர் கூட்டத்தில் எடுத்தால் என்னாகும் என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. உரிமை இருக்கிறது என்பது வேறு, கை பழகியிருக்கிறது என்பது வேறு.

அப்படியென்றால் இனி லைசென்ஸ் எடுப்பது வீண்தானே?

இல்லை, எடுங்கள். மத்திய அரசின் பள்ளி வளாகச் சட்டப்படி, பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அந்த மாநிலம் தந்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. 'லைசென்ஸ் தேவையில்லை' என்ற மாநிலச் சட்டத்தை மட்டும் நம்பிப் போகிறவருக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஊருக்குள் ஆயிரம் அடிக்குள் பள்ளி இல்லாத சாலை எத்தனை? அடுத்த மாநிலத்துக்குப் போகும்போதும் லைசென்ஸ் அட்டை உதவும்.

ஒரு மாநில லைசென்ஸ் அடுத்த மாநிலத்தில் செல்லுமா?

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இல்லை. மாநிலங்கள் ஒன்றோடொன்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் உண்டு. நியூ ஜெர்சி யாருடைய லைசென்ஸையும் ஏற்பதில்லை. 2013-ல் பென்சில்வேனியா லைசென்ஸோடு ஒரு பெண் எல்லை தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தார். போலீஸ் காரை நிறுத்தியதும் தானாகவே "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ லைசென்ஸ்" என்றார். கைது. பல வருஷக் கட்டாயச் சிறை தலைக்குமேல் தொங்கியது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பி, 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார்.

எல்லா மாநிலமும் எல்லா மாநில லைசென்ஸையும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என நிறைவேறி, செனட்டில் படுத்துவிட்டது. 2025-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். மாநில உரிமை என்று முழங்கும் கட்சியே மாநிலங்களின் கையைக் கட்டக் கேட்பது அரசியலின் தமாஷ்.

வழக்கும் சட்டமன்றமும் சேர்ந்து வேலை செய்த உதாரணம் உண்டா?

இல்லினாய். கேரியை முழுக்கத் தடுத்திருந்த கடைசி மாநிலம். 2012 டிசம்பரில் ஏழாம் வட்டத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், தடை செல்லாது, 180 நாளுக்குள் புதுச் சட்டம் எழுதுங்கள் என்றார். எழுதாவிட்டால் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் போய்விடும் என்ற கெடுதான் இரு கட்சிகளையும் ஒரே மேசைக்கு இழுத்தது. ஆளுநர் பாட் க்வின் திருத்தங்கள் கேட்டுத் திருப்பியனுப்பியதையும் மீறி, 2013 ஜூலையில் ஷால் இஷ்யூ சட்டம் வந்தது. பேரத்தில் விட்டுக்கொடுத்தவற்றில் ஒன்று பஸ்ஸும் ரயிலும். அங்கே தடை. கார் இல்லாதவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நிராயுதபாணி. அதை எதிர்த்துப் போன வழக்கு 2024-ல் கீழ்நீதிமன்றத்தில் ஜெயித்து, 2025 செப்டம்பரில் அதே ஏழாம் வட்டத்தில் தோற்றது.

இந்தச் சங்கங்கள் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, பங்காளிச் சண்டை நிறைய. என்.ஆர்.ஏ. 1871-ல் தொடங்கியது. நீண்டகாலத் தலைமை நிர்வாகி வெய்ன் லபியர் 2024 ஜனவரியில் விலகினார். சங்கப் பணத்தை முறைகேடாகச் செலவழித்தார் என்று அடுத்த மாதமே நியூயார்க் ஜூரி சொன்னது. அந்த இடைவெளியில் வழக்குக் களத்தில் முன்னுக்கு வந்தவை 1974-ல் தொடங்கிய செகண்ட் அமெண்ட்மென்ட் ஃபவுண்டேஷனும் அதைவிட இளைய ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோயலிஷனும். கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா சமரசமே கூடாது என்ற வகை. ப்ரூயன் வழக்கைத் தொடுத்தது நியூயார்க் மாநிலச் சங்கம். அதை வாதாடி ஜெயித்த பால் கிளெமென்ட்டின் நிறுவனம், தீர்ப்பு வந்த அன்றே இனித் துப்பாக்கி வழக்குகள் எடுக்கமாட்டோம் என்றது. அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறித் தனிக் கடை போட்டார்.

இது வெள்ளைக்காரர்களின் விவகாரம் என்கிறார்களே?

வரலாறு அவ்வளவு நேர்கோடாக இல்லை. 1956-ல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் கேரி லைசென்ஸ் கேட்டார், மறுத்தார்கள். மே இஷ்யூவின் அழகு அது. 1967-ல் கறுப்பின உரிமை இயக்கமான பிளாக் பாந்தர்கள் துப்பாக்கியோடு கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தபின், குண்டு நிரப்பிய ஆயுதத்தைப் பொது இடத்தில் ஏந்தத் தடை வந்தது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். என்.ஆர்.ஏ.வும் ஆதரித்தது. ப்ரூயன் வழக்கில் நியூயார்க்கின் ஏழைகளுக்கு வாதாடும் அரசு வக்கீல்கள் பலர், லைசென்ஸ் இல்லாத குற்றத்துக்குப் பிடிபடுவது எங்கள் கறுப்பின, லத்தீன் கட்சிக்காரர்கள்தான் என்று மனுதாரர் பக்கம் மனுப் போட்டார்கள். 2016-ல் மினசோட்டாவில் ஒரு கறுப்பினத்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் போலீஸிடம் முறையாகச் சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். லைசென்ஸ் வைத்திருந்தவர் அவர். பெரிய சங்கங்கள் அப்போது முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டதை நான் மறக்கவில்லை.

ஏந்துவோர் கூடினால் குற்றம் கூடுமா குறையுமா?

ஆய்வுகள் இரு கட்சி. ஜான் லாட் குறையும் என்றார். 2004-ல் தேசிய ஆராய்ச்சிக் குழு, இருக்கும் ஆதாரத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றது. பின்னாளில் ஜான் டோனஹியூ போன்றோர் வன்குற்றம் கூடுகிறது என்று கண்டார்கள். ப்ரூயன் முறைப்படி நீதிமன்றத்தில் இதற்கு இடமில்லை. சட்டமன்றத்தில் உண்டு, அங்கே நம் பக்கத்தவர்கள் இந்த எண்களை முகம் கொடுத்துப் பேசப் பழக வேண்டும்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு இந்த உரிமை உண்டா?

பொதுவாக இல்லை, கவனமாக இருங்கள். எச்1பி, எச்4, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பரோடு பயிற்சி மையத்துக்குப் போய் அவர் துப்பாக்கியை வாங்கி நாலு குண்டு சுடுவதும் 'வைத்திருப்பது' கணக்கில் வரலாம். தண்டனை 15 வருஷம் வரை, அதோடு நாடு கடத்தல். 29 மாநிலங்களில் லைசென்ஸ் வேண்டாம் என்பது உங்களைக் காப்பாற்றாது. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். மாநிலம் அனுமதித்த கஞ்சாவைப் பயன்படுத்துகிறவரையும் மத்திய சட்டம் தடுக்கிறது, அந்தத் தடையைச் சோதிக்கும் வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. உங்கள் நிலைமைக்கு வக்கீலைக் கேளுங்கள், இந்தப் பக்கத்தை நம்பி இறங்காதீர்கள்.

லைசென்ஸ் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கிறது. வழக்குப் போட முடியுமா?

முடியும். ஷால் இஷ்யூ முறையிலும் தேவையற்ற தாமதமும் அநியாயக் கட்டணமும் உரிமையை மறுப்பதாகலாம் என்று ப்ரூயன் தீர்ப்பிலேயே ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய நீதித்துறையே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தின்மேல் இதற்காக வழக்குப் போட்டது. புது விண்ணப்பங்கள் கிட்டத்தட்ட 4,000 வந்ததில் ஓராண்டுக்கு மேலான காலத்தில் இரண்டுக்குத்தான் அனுமதி என்பது குற்றச்சாட்டு. விண்ணப்ப ரசீது, மின்னஞ்சல், தேதி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ஹெல்லரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் எனக்கு என்ன லாபம்?

முன்பெல்லாம் சங்கப் பத்திரிகையும் தொப்பியும். இப்போது நிஜமாகவே சட்டப் பயன் இருக்கலாம். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் பொதுவாகத் தடை போடக் கூடாது, வழக்குத் தொடுத்தவருக்கு மட்டும் நிவாரணம் தந்தால் போதும் என்று சுருக்கியது. சங்கம் வழக்குத் தொடுத்தால் நிவாரணம் அதன் உறுப்பினர்களுக்கு. அப்படியானால் யார் உறுப்பினர் என்று அரசுக்கு எப்படித் தெரியும்? 18 முதல் 20 வயதினர் கைத்துப்பாக்கி வாங்குவது பற்றிய லூசியானா வழக்கில் 2025 அக்டோபரில் நீதிபதி, சரிபார்த்த உறுப்பினர் பட்டியலை அரசிடம் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியல் எதுவும் அரசிடம் இருக்கக் கூடாது என்று ஐம்பது வருஷமாகச் சண்டை போடும் கூட்டம் அது. கொடுக்க முடியாது என்று மறுபடியும் அதே நீதிமன்றத்தில் போய் நின்றார்கள்.